இஞ்சினியரிங் படிச்சிக்கிட்டே அறிவியல் செய்தி எழுதப் பழகுறது எப்படி: மலையகத்துப் புள்ளைங்களுக்கு

பேராதனையிலயோ மொறட்டுவையிலயோ இஞ்சினியரிங் படிக்கிற நம்ம பக்கத்துத் தம்பி தங்கச்சிமாரு அப்பப்ப கேக்குற கேள்வி ஒன்னு இருக்கு. சயன்ஸ், டெக்னோலஜி பத்தி பத்திரிகைக்கு எழுத ஆசையா இருக்கு, ஆனா ஜர்னலிசம் படிக்கல, எங்க இருந்து தொடங்குறதுன்னு. டிப்ளோமா முடிச்சிட்டுத் தொடங்கலாம்னு காத்துக்கிட்டு இருக்க வேணாம், இந்தக் கிழமையே தொடங்கலாம். உங்க ஊருல மனுசங்க வாழ்க்கைய முடிவு பண்ற எண் ஒன்ன எடுங்க, அது எங்க இருந்து வருது, யாரு அளக்குறாங்க, அதுக்குப் பின்னால என்னா நடக்குதுன்னு தேடிப் போங்க. மத்ததெல்லாம் அதுக்குப் பின்னால ஒவ்வொன்னா வந்து சேரும்.

இதுல பாதி உங்க கையில ஏற்கனவே இருக்கு. அலகு மாறிப் போனா கண்ணுல உறுத்தும், கிராஃப் பாத்தா அச்சுல என்னா போட்டிருக்குன்னு மொதல்ல பாப்பீங்க, ஒருத்தர் ஒரு எண்ண சொன்னா எப்படி அளந்தீங்கன்னு கேக்கத் தோணும். இந்தப் பழக்கம் இருக்குற ஆளு பத்திரிகை ஆபிஸ்கள்ல ரொம்பக் கொறைவு. மத்தப் பாதி கம்பஸ்ல சொல்லித் தர மாட்டாங்க, தெரியாத ஒருத்தர் முன்னால போயி உக்காந்து கேள்வி கேக்குறது, சொன்னத அவங்க சொன்ன மாதிரியே குறிச்சிக்கிறது, நாலாயிரம் சொல்லுக்கு விசயம் இருந்தாலும் நானூறுல நிப்பாட்டுறது, அதையும் இன்னைக்கு சாயங்காலம் நாலு மணிக்குள்ள.

மொதப் பயிற்சிக்கு நான் சொல்றது மண்சரிவு எச்சரிக்கை. வேற எதையும் விட இது நம்ம தலைக்கு மேல நிக்கிற விசயம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழைய வெச்சு மூனு கட்டமா எச்சரிக்கை குடுக்குது. 24 மணித்தியாலத்துல 75 மில்லிமீட்டர் தாண்டினா மஞ்சள், விழிப்பா இருக்கணும். 100 தாண்டினா செம்மஞ்சள், கெளம்பத் தயாரா இருக்கணும். 150 தாண்டினா, இல்ல ஒரே மணித்தியாலத்துல 75 கொட்டினா சிவப்பு, வெளியேறணும். இது பேப்பர்ல எப்படி வருதுன்னு பாருங்க, பிரதேச செயலகப் பிரிவு பேரு ஒரு நீள வரிசை, கடைசியில மக்கள் அவதானத்துடன் இருக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றனர். அவ்வளவுதான். பணிய லயத்துல இருக்குற ஒரு அக்காவுக்கு இதுல இருந்து என்னா தெரியும்? நம்ம மலை இதுல சேர்த்தியா, 150ன்னா எவ்வளவு தண்ணி, எந்த எடத்துல அளந்தாங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு புள்ளைங்கள தூக்கிக்கிட்டு எங்க போறது, இதுல ஒன்னுக்கும் பதில் இல்ல.

அந்த 150 மில்லிமீட்டர மட்டும் எடுத்துக்குவோம். ஒரு சதுர மீட்டர்ல ஒரு மில்லிமீட்டர் மழைன்னா ஒரு லீட்டர், இது உங்களுக்குத் தண்ணி பட்ட பாடு, ஆனா வாசிக்கிறவங்களுக்கு இல்ல. அதுனால அவங்க கண்ணுக்கு முன்னால இருக்குற அளவுக்கு மாத்துங்க. பழைய லயத்துக் காம்பரா 10க்கு 12 அடி, 11 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேல. அந்த ஒரு காம்பரா தகரத்து மேல மட்டும் 150 மில்லிமீட்டர் விழுந்தா சுமார் 1,670 லீட்டர், 200 லீட்டர் பீப்பாயில எட்டு. ஒரு ஏக்கர் தேயிலை மலைக்குப் போட்டுப் பாத்தா ஆறு லட்சம் லீட்டர் தாண்டிரும், அதாவது அறுநூறு டொன் தண்ணி. இந்தக் கணக்குக்கு ஒரு நிமிசம் போதும், ஆனா செய்திகள்ல நான் பாத்தது ரொம்பக் கொறைவு. நீங்க கால்குலேட்டர எடுத்தாலே பாதி ரிப்போர்ட்டர் ஆயிட்டீங்க.

அடுத்தது ஏன்ங்கிறது. தண்ணி பாரம் கூடுறதுனாலதான் மலை சரியுதுன்னு நெறைய பேரு நெனைக்கிறாங்க, அதுவும் ஒரு பங்குதான், ஆனா முக்கியமான கதை மண்ணுக்கு உள்ளுக்க. மண் துகளுக்கு நடுவுல இருக்குற சந்துல தண்ணி நெறைஞ்சி அழுத்தம் ஏற ஏற, துகளும் துகளும் ஒன்னையொன்னு அழுத்திப் புடிச்சிருக்குற உராய்வு கொறையுது, கடைசியில சரிவு தன்னையே தாங்க முடியாம கீழ வருது. சொயில் மெக்கானிக்ஸ்ல பயன்தகு தகைப்புன்னு சமன்பாடு எழுதி மார்க்ஸ் வாங்குற அதே விசயந்தான். இத சமன்பாடு இல்லாம மூனு வரியில எழுதி, வீட்டுல அம்மாகிட்ட வாசிச்சுக் காட்டி, அவங்க திருப்பிச் சொல்ல வெச்சுப் பாருங்க. அவங்க தப்பா திருப்பிச் சொன்னா எழுத்துல எங்கயோ கோளாறு, அம்மாகிட்ட இல்ல. இதுலயே இன்னொரு நன்மையும் இருக்கு. மழை நின்ன ஒடனே ஆபத்து போயிராதுன்னு ஏன் சொல்றாங்கன்னு வாசிக்கிறவங்களுக்குத் தானா வெளங்கும், ஏன்னா உள்ளுக்க எறங்கின தண்ணி வடிய நேரம் எடுக்கும்.

இப்ப எழுதுறத பாப்போம். வழமையா வர்றது இப்படி இருக்கும்: "தொடர்ச்சியாக நிலவும் சீரற்ற காலநிலை காரணமாக பதுளை மாவட்டத்தின் ஹல்துமுல்லை உள்ளிட்ட சில பிரதேச செயலகப் பிரிவுகளுக்கு மண்சரிவு அபாய எச்சரிக்கை விடுக்கப்பட்டுள்ளது." இதையே இப்படி எழுதிப் பாருங்க: "ஹல்துமுல்லைப் பிரிவில் மலைச்சரிவுகளிலும் அடிவாரத்திலும் குடியிருப்பவர்கள் இன்றிரவே பாதுகாப்பான இடத்துக்குப் போய்விட வேண்டும். அங்கு 24 மணித்தியாலத்தில் 150 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்துவிட்டதால் சிவப்பு எச்சரிக்கை விடுக்கப்பட்டுள்ளது. நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று, இதில் எதைக் கண்டாலும் எச்சரிக்கைக்குக் காத்திருக்க வேண்டாம்." பயிற்சிக்குச் சும்மா எழுதினதுதான் இது. ஆனா யாரு, என்னா செய்யணும், ஏன், இது மூனும் மொத ரெண்டு வரியிலயே வந்திருச்சி பாருங்க. லெப் ரிப்போர்ட்ல முடிவு கடைசியில வரும், செய்தியில முடிவுதான் மொதல்ல. இஞ்சினியரிங் புள்ளைங்க மாத்திக்கக் கஷ்டப்படுற பெரிய விசயம் இதுதான், அறிமுகம், பின்னணி, முறைன்னு எழுதிக்கிட்டே போயி எட்டாவது பந்தியிலதான் ஆளு செத்த விசயத்தச் சொல்லுவாங்க.

75, 100, 150 எல்லாம் பொதுவான எல்லை, கோடு போட்ட மாதிரி 149ல பத்திரம் 151ல ஆபத்துன்னு எழுதிராதீங்க. நாலு நாளா விடாம பேஞ்சு ஊறின மலையும் காஞ்ச மலையும் ஒன்னு இல்ல. அதோட நம்ம பக்கம் இந்தப் பள்ளத்தாக்குல கொட்டும், அடுத்த மலைக்கு அந்தப் பக்கம் வெயில் அடிக்கும். பக்கத்து மழைமானி எங்க இருக்குன்னு கேளுங்க. தோட்டத்து ஆபிஸ்கள்ல தெனமும் மழை குறிச்சி வெக்கிற பழக்கம் ரொம்ப காலமா இருக்கு, கிளாக்கரையாகிட்ட மரியாதையா கேட்டா பழைய புத்தகத்தக் காட்டுவாரு. கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வலய வரைபடமும் போட்டிருக்கு, 1:50,000 அளவுலயும் சில எடங்களுக்கு 1:10,000 அளவுலயும். உங்க தோட்டம் அதுல என்னா நெறத்துல இருக்குன்னு பாத்தாலே ஒரு கட்டுரைக்கு விசயம் கெடைச்சிரும்.

ஆனா எண்ணோட மட்டும் நின்னுட்டா அது ரிப்போர்ட்தான், செய்தி ஆகாது. கொஸ்லாந்தை மீரியாபெத்தையில 2014 ஒக்டோபர் 29ம் தேதி காலையில மலை எறங்கி லயத்தோட ஆளுகள மூடிருச்சி. அந்த எடம் ஆபத்துன்னு 2005லயும் 2011லயும் எச்சரிச்சிருந்ததா அப்ப வெளிய வந்திச்சு. அப்படின்னா அங்க அறிவியல் தோக்கல, சொல்ல வேண்டியத முன்னாடியே சொல்லிருச்சி. அதுக்கு அப்புறம் கேக்க வேண்டிய கேள்வி வேற: தெரிஞ்சும் ஏன் அங்கயே இருந்தாங்க? போக எடம் எங்க இருந்திச்சு? காணி யாரு பேருல? மாத்துக் காணி குடுக்குறதா இருந்தா வேலைக்கு எவ்வளவு தூரம் நடக்கணும், புள்ளைங்க பள்ளிக்கூடம் எங்க? இதெல்லாம் சொயில் மெக்கானிக்ஸ் புத்தகத்துல இல்ல, ஆனா இது இல்லாம மண்சரிவு பத்தி எழுதினா அரைக் கதைதான். 2025 நவம்பர் கடைசியில டித்வா புயல் வந்தப்பவும் இதே கேள்விங்க திரும்ப வந்திச்சு, அதோட தமிழ்ல எச்சரிக்கை நேரத்துக்கு வந்து சேரலங்கிற பெரிய கொறையும். அந்த எடைவெளிதான் நீங்க வேலை செய்ய வேண்டிய எடம்னு எனக்குத் தோணுது.

கேள்வி கேக்கப் போறது பத்திக் கொஞ்சம் விரிவா சொல்லணும், இதுலதான் நம்ம புள்ளைங்க பயப்படுறாங்க. அதிகாரிகிட்ட போகும்போது போன்லயே, சேர், நான் இன்னார், இன்ன பத்திரிகைக்கு எழுதப் போறேன், பதினஞ்சு நிமிசம் வேணும்னு சொல்லிருங்க. மாணவன்னு மட்டும் சொல்லித் தகவல் வாங்கி பேப்பர்ல போடுறது சரியில்ல, அடுத்த தடவை அந்தக் கதவு தொறக்காது, உங்களுக்கு மட்டும் இல்ல உங்களுக்குப் பின்னால வர்ற பெட்சுக்கும். நம்ம பக்கத்து அரச ஆபிஸ்கள்ல பாதிப் பேச்சு சிங்களத்துலதான் நடக்கும், கம்பஸ்ல கூட்டாளிகளோட பேசிப் பழகின சிங்களம் இங்க பொன்னு. கேக்குற கேள்விகள சின்னதா வெச்சுக்குங்க. இத எப்படி அளந்தீங்க? எத்தனை எடத்துல? போன வருசம் எவ்வளவு? இது தப்பா இருக்க வாய்ப்பு இருக்கா, இருந்தா எந்தப் பக்கம்? இத ஏத்துக்காத ஆளு யாராவது இருக்காங்களா, அவங்க பேரு என்னா? கடைசிக் கேள்விதான் தங்கம், ஏன்னா அடுத்த பேட்டி யாருகிட்டன்னு அவரே சொல்லிருவாரு. பேட்டி முடியும்போது எண்கள மட்டும் திரும்ப வாசிச்சுக் காட்டி உறுதிப்படுத்திக்குங்க, முழுக் கட்டுரையையும் அனுப்பி ஒப்புதல் வாங்குற பழக்கம் வேணாம்.

தெரியாத மாதிரி கேக்கப் பழகணும். லெக்சரர் முன்னால தெரிஞ்ச மாதிரி தலையாட்டிப் பழகின நமக்கு இது கஷ்டம். ஆனா "மெடம், கொஞ்சம் வெளங்கல, பத்து வயசுப் புள்ளைக்குச் சொல்ற மாதிரி ஒருக்கா சொல்லுங்களேன்"னு கேட்டா, அப்ப வர்ற பதில்தான் கட்டுரையில போடுற மேற்கோள்.

லயத்துல போயி பேசுறது இன்னொரு விதம். அங்க இஸ்தோப்புல உக்காந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் பேசுறவங்க உங்க சொந்தக்காரங்களாவே இருக்கலாம், ஆனா அவங்க இருக்குற வீடும் பாக்குற வேலையும் ஒரே நிர்வாகத்து கையில. தோட்டத்துத் தண்ணி சரியில்லன்னு ஒரு அம்மா சொன்னத அவங்க பேரு போட்டோவோட போட்டா, நாளைக்கு பெரட்டுக்களத்துல கேள்வி வரும். பேரு போடலாமா, முகம் காட்டலாமா, போட்டா என்னா நடக்கலாம்னு சொல்லிட்டுக் கேளுங்க, வேணாம்னா வேணாம். சாவு வீட்டுல போன தூக்கிக்கிட்டு போட்டோ எடுக்குறது பத்தி நான் சொல்லத் தேவையில்லன்னு நெனைக்கிறேன், ஆனா பேஸ்புக்க பாத்தா சொல்ல வேண்டித்தான் இருக்கு.

எண்ணுல பெரியாள் ஆகுறதுக்கு நம்ம மலையிலயே பயிற்சி நெறைய கெடக்கு. 2020 ஆகஸ்ட் கடைசியில இருந்து திகன பக்கம் சின்னச் சின்ன நில அதிர்வு வந்திச்சு, ஒடனே விக்டோரியா அணை ஒடையப் போகுதுன்னு வட்ஸ்அப்ல ஒரே கலவரம். அந்த அதிர்வுங்க ரிக்டர்ல 2 அளவுக்குத்தான் இருந்திச்சு. இந்த அளவுகோல்ல ஒரு படி ஏறினா வெளிய வர்ற சக்தி சுமார் 32 மடங்கு ஏறும், அப்ப 2க்கும் 5க்கும் நடுவுல மூனு படி, சுமார் முப்பத்திரெண்டாயிரம் மடங்கு வித்தியாசம். இத ஒரு வரி எழுதியிருந்தா பாதிப் பயம் போயிருக்கும். அதுக்காக பயப்பட ஒன்னுமே இல்லன்னு எழுதுறதும் தப்பு. 122 மீட்டர் ஒசர வளைவு அணை அது, பக்கத்துல அதிர்வு வந்தா ஏன்னு பாக்கத்தான் வேணும், வீடு வெடிச்சவங்க கேள்விக்கும் பதில் வேணும். புவிச்சரிதவியல் பணியகத்துக்கு அதிர்வு பதியிற நிலையம் பல்லேகலையிலயே இருக்கு, கண்டியில இருந்து பஸ்ஸுல போற தூரம். கொழும்புல இருக்குற ரிப்போர்ட்டருக்கு இல்லாத வசதி இது.

மெகாவாட் விசயத்த சுருக்கமா சொல்லிர்றேன். மேல் கொத்மலை நீர்மின் நிலையம் வருசத்துக்கு 150 மெகாவாட் மின்சாரம் தருதுன்னு எங்கயாவது பாத்தா அது பிழை, 150 மெகாவாட்ங்கிறது ஒரு நேரத்துல அது தரக்கூடிய உச்ச அளவு, வருசத்துக்கு எதிர்பாக்குறது சுமார் 409 கிகாவாட் மணித்தியாலம். முழு வருசமும் முழுசா ஓடினா 1,314 வரணும், அப்ப மூனுல ஒரு பங்குக்கும் கொறைவு. ஏன்னு கேட்டா தண்ணி, மழை, உச்ச நேரத் தேவைன்னு கதை தானா விரியும், சென் கிளயர் அருவியில எவ்வளவு தண்ணி விடுறாங்கங்கிற வரைக்கும்.

ஆராய்ச்சிக் கட்டுரை வாசிக்கிறது அடுத்த படி. சுருக்கத்த மட்டும் வாசிச்சிட்டு எழுதுறவங்கதான் இங்க அதிகம். நீங்க மொதல்ல படங்களையும் அட்டவணைகளையும் பாருங்க, அப்புறம் முறை, அப்புறம் கடைசியில எங்களோட ஆய்வுக்கு இன்னின்ன கொறை இருக்குன்னு அவங்களே ஒத்துக்கிற பந்தி. எத்தனை பேர்ல, எத்தனை செடியில செஞ்சாங்க, ஒப்பிட வேற கூட்டம் வெச்சாங்களா, காசு யாரு குடுத்தா. சக ஆய்வாளருங்க பரிசீலிச்சு வந்ததா, இல்ல ஆர்க்சிவ் மாதிரி எடத்துல பரிசீலனைக்கு முன்னாடியே போட்டதா, இத கட்டாயம் எழுதணும். நம்ம நாட்டு ஜர்னல்கள ஸ்ரீலங்கா ஜர்னல்ஸ் ஒன்லைன்ல காசில்லாம வாசிக்கலாம். வெளிநாட்டுக் கட்டுரை காசு கேட்டா எழுதினவருக்கே மெயில் போடுங்க, நெறைய பேரு சந்தோசமா அனுப்புவாங்க. அப்புறம் அந்த ஆய்வுல சேராத, அதே துறையில இருக்குற வேற ஒருத்தர்கிட்ட இது எப்படின்னு கேளுங்க. இந்த வெளி ஆளு இல்லாத கட்டுரைய நான் அறிவியல் செய்தின்னே எடுத்துக்க மாட்டேன், அது விளம்பரம்.

தேயிலைய வெச்சே இத பழகலாம். 2021ல நாடு முழுக்க சுமார் 299 மில்லியன் கிலோ தேயிலை, 2022ல சுமார் 251 மில்லியன், ஏறக்குறைய 16 சதவீதம் சரிவு. எல்லாரும் ஒடனே ரசாயன உரத் தடையில கை வெப்பாங்க, தப்பில்ல, 2021 நடுப்பகுதியில இருந்து உரம் இல்லாமப் போச்சு, நைட்ரஜன் இல்லாத செடி கொழுந்து விட நாளாகும். ஆனா அதே 2022லதான் டீசல் இல்ல, கரண்ட் இல்ல, ஸ்டோரு ஓடல, லொறி ஓடல. தடையோட பங்கு எவ்வளவு, மத்ததோட பங்கு எவ்வளவுன்னு பிரிச்சுக் கேக்குறதுதான் உங்க வேலை. தலவாக்கலை சென் கூம்ஸ்ல தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கு, நூறு வருசத்துப் பழைய நிலையம், ஹட்டன்ல இருந்து ஒரு பஸ். தோட்டத்துல உரம் போடுறவரையும் சின்னத் தோட்டக்காரரையும் ஒரே நாள்ல பாத்துட்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்திரலாம்.

ரெண்டு பக்கமும் கேக்கணும்னு சொல்லுவாங்க, அதுல ஒரு பொறி இருக்கு. 2020 டிசம்பர்ல கொரோனாவுக்கு மருந்துன்னு ஒரு பாணி வந்து, கேகாலையில ஆயிரக்கணக்குல சனம் கூடிச்சு ஞாபகமா? அப்ப சில எடங்கள்ல வைத்தியர் ஒரு பக்கம், பாணிக்காரர் ஒரு பக்கம்னு சமமா போட்டாங்க. ஆதாரம் இல்லாததுக்கும் இருக்குறதுக்கும் ஒரே அளவு எடம் குடுக்குறது நடுநிலை இல்ல. எத்தனை நோயாளிக்குக் குடுத்தீங்க, குடுக்காதவங்க எப்படி இருந்தாங்கன்னு ஒரு கேள்வி கேட்டா போதும்.

உண்மையிலேயே ரெண்டு பக்கம் இருக்குற விசயத்துக்கு உமாஓயாவ பாருங்க. 120 மெகாவாட் நிலக்கீழ் மின் நிலையம், 2024 ஏப்ரல்ல தொறந்தாங்க, தொழில்நுட்பமா பெரிய வேலை. ஆனா சுரங்கம் தோண்டும்போது 2014 கடைசியிலயும் 2017லயும் நிலத்தடித் தண்ணி உள்ளுக்க பாஞ்சி, பண்டாரவளை பக்கம் கெணறு வத்தி, வீடுங்க வெடிச்சிச்சு. நீர்வளவியல் படிச்ச ஒருத்தர் கெணறு ஏன் வத்திச்சுன்னு படம் போட்டு வெளக்கி, கெணறு வத்தினவங்ககிட்டயும் போயி இப்ப தண்ணி எங்க இருந்து எடுக்குறாங்க, நட்டஈடு கெடைச்சுதா, எப்படிக் கணக்குப் போட்டாங்கன்னு கேட்டு எழுதினா, அத வேற யாராலயும் அவ்வளவு சுலபமா எழுத முடியாது. சிவில் படிக்கிற ரெண்டு பேரு சேர்ந்தா ஒரு செமஸ்டர் லீவுக்கு நல்ல வேலை.

இந்த மாதிரி விசயத்துக்கு ஆவணம் வேணும், கேட்டா தர மாட்டாங்கன்னு நெனைச்சிராதீங்க. 2016ம் வருசத்து 12ம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியில இருந்து நடைமுறையில இருக்கு. எந்தக் குடிமகனும் கேக்கலாம், ஏன் வேணும்னு காரணம் சொல்லத் தேவையில்ல, தமிழ்லயே எழுதிக் குடுக்கலாம். தாறதா இல்லையான்னு 14 வேலை நாளுக்குள்ள முடிவு சொல்லணும், மறுத்தா மேன்முறையீடு, அதுக்கும் மேல ஆணைக்குழு. கேள்விய இஞ்சினியர் மாதிரி கேளுங்க. "தண்ணீர் தரம் பற்றிய தகவல்கள்"னு கேட்டா ஒரு பக்கக் கதை வரும், "இன்ன குடிநீர்த் திட்டத்தில் இன்ன மாதம் முதல் இன்ன மாதம் வரை எடுத்த ஒவ்வொரு மாதிரியினதும் கோலிபோம் பக்டீரியா எண்ணிக்கை, திகதி, எடுத்த இடம்"னு கேட்டா அட்டவணை வரும்.

கத்துக்கிற எடங்களையும் சொல்லிர்றேன். கொழும்புல இலங்கை இதழியல் கல்லூரி இருக்கு, தமிழ்லயும் படிக்கலாம், ஆனா இஞ்சினியரிங்க விட்டுட்டு அதுக்கு ஓட வேணாம். உலக அறிவியல் பத்திரிகையாளர் சம்மேளனம் இணையத்துல இலவசப் பாடம் போட்டிருக்கு. ஓபன் நோட்புக்னு ஒரு தளம், அதுல பெரிய அறிவியல் நிருபர்ங்க ஒரு கட்டுரைய எப்படித் தேடினேன், எப்படி எழுதினேன்னு அக்குவேறா ஆணிவேறா சொல்லுவாங்க, இங்கிலிஸ்தான், பரவாயில்ல, லெக்சர் நோட்ஸ் வாசிக்கிற இங்கிலிஸ் போதும். சட்ஜிபிடி மாதிரி ஆளுகள வெச்சு எழுதுறவங்களுக்கு: நல்ல வழவழன்னு தமிழ் வரும், ஆனா இல்லாத ஆய்வுக்கும் பேரு குடுக்கும். எண், பேரு, தேதி மூனையும் மூலத்துல போயி நீங்களே பாருங்க.

இன்டஸ்ட்ரியல் ட்ரெயினிங் போன கம்பனி பத்தி எழுதாதீங்க. அங்க பாத்தது நம்பிக்கையில காட்டினது. உங்க பெக்கல்டியிலயே உங்களுக்கு மார்க்ஸ் போடுறவரோட ஆராய்ச்சி பத்தி எழுதுறதா இருந்தா அத ஆசிரியர்கிட்ட முன்னாடியே சொல்லிருங்க, பெரும்பாலும் வேற ஆள எழுதச் சொல்லுவாங்க.

பத்திரிகைக்கு எப்படி அனுப்புறது? ஒரேயடியா ரெண்டாயிரம் சொல் எழுதி அட்டச் பண்ணி அனுப்பினா யாரும் தொறக்க மாட்டாங்க. வாரப் பதிப்பு ஆசிரியருக்கு மூனு நாலு வரி போதும். இப்படி: "வணக்கம் ஐயா. எங்க தோட்டத்துல பத்து வருச மழைக் கணக்கு கையெழுத்துப் புத்தகமா இருக்கு. இதுல 150 மில்லிமீட்டர் தாண்டின நாள்கள எடுத்து, அந்த நாள்கள்ல எங்கெங்க மண் சரிஞ்சதுன்னு பாத்து எழுதலாம்னு இருக்கேன். கிளாக்கர், கட்டட ஆராய்ச்சி நிறுவன அதிகாரி, பணிய லயத்து மூனு குடும்பம் பேசச் சம்மதிச்சிருக்காங்க. 600 சொல், ரெண்டு படம், அடுத்த வெள்ளிக்குள்ள தரலாம்." கைல என்னா இருக்கு, யாரு பேசுவாங்க, எப்ப வரும், எவ்வளவு நீளம், ஆசிரியருக்கு இதுக்கு மேல தெரியத் தேவையில்ல. பதில் வரலன்னா ஒரு கிழமை கழிச்சி ஒருக்கா ஞாபகப்படுத்துங்க, அப்பவும் இல்லன்னா வேற பத்திரிகை. ஒரே நேரத்துல ரெண்டு எடத்துக்கு அனுப்ப வேணாம். காசு பெருசா எதிர்பாக்காதீங்க, சில எடத்துல ஒன்னுமே கெடைக்காது, ஆனா எவ்வளவுன்னு எழுதுறதுக்கு முன்னாடியே கேக்குறதுல வெக்கம் இல்ல. அப்புறம் எக்ஸாம் மாசத்துல இந்த மாதிரிக் கடிதம் அனுப்பிராதீங்க, அன்னைக்குன்னு பாத்துத்தான் ஒடனே அனுப்புங்கன்னு பதில் வரும்.